என் கழுத்துக்கு நானே கியூசி

பனியன் கம்பெனியில் கியூசி பார்க்கிற ஒருத்திக்குக் கழுத்தில் கட்டி வந்தால், பாவம், கட்டிதான். அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போக முடியாது. அளவெடுப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், எழுதியது சரிதானா என்று மறுபடி அளவெடுப்பாள். திருப்பூரில் அடுத்தவர் தைத்த துணியில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியே தலை நரைத்தவள் நான். என் தைராய்டு சுரப்பியின் வலது பக்கத்தில் எட்டு மில்லிமீட்டரில் ஒரு கட்டி இருக்கிறது. புற்றாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ரிப்போர்ட் வந்திருக்கிறது. இப்போதைக்கு அறுக்க வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்று டாக்டரும் நானும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். டாக்டர் முடிவெடுத்தபடி நடந்துகொண்டார். நான் நடந்துகொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு ஆஃபர். சர்க்கரை, கொழுப்பு, கிட்னி எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் எடுக்கப் போயிருந்தேன். ரசீது போடுகிற பெண், "இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டுனீங்கன்னா கழுத்து ஸ்கேனும் பாத்துக்கலாங்க மேடம், தனியா எடுத்தா டபுள் ஆகும்" என்றாள். கழுத்தில் வலியில்லை, வீக்கமில்லை, ஒன்றுமில்லை. ஆனால் ஆறு எடுத்தால் ஒன்று இலவசம் என்றதும் வீட்டில் ஆளே இல்லாத சைஸில் காதர்பேட்டையில் ஜட்டி வாங்கி வந்த குடும்பம் எங்களுடையது. கட்டினேன்.

இதே ஆஃபர் தென்கொரியாவில் ஒரு தேசத்தையே பிடித்து ஆட்டியிருக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. 1999-இல் அங்கே அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தைராய்டு கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிகள் முப்பது டாலர், ஐம்பது டாலர் கூட வாங்கிக்கொண்டு கழுத்தையும் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தன. 2011-இல் தைராய்டு புற்று என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்காகிவிட்டது. அந்த நோயால் செத்தவர்களின் விகிதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நோய் பெருகவில்லை, பார்க்கிற மெஷின்தான் பெருகியிருக்கிறது. 2014-இல் கொரிய டாக்டர்கள் சிலரே ஒன்றுகூடி, அறிகுறி இல்லாதவர்கள் கழுத்தை ஸ்கேன் செய்யாதீர்கள் என்று சொன்ன பிறகு அறுவைகள் மளமளவென்று குறைந்தன. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்துப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் தைராய்டு எண்ணிக்கை இப்படித்தான் ஏறியது. பின்லாந்தில் 1985-இல் பிரேதப் பரிசோதனைக்கு வந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக அரிந்து பார்த்ததில், மூன்றில் ஒருவருக்கு மேல் சின்னஞ்சிறு புற்று இருந்திருக்கிறது. உயிரோடிருந்தவரை அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கொடுத்து வைத்தவர்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் நிதானமான மனிதர். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது, இதற்கு ஊசி டெஸ்ட் அவசியமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டியிலும் கிட்டத்தட்ட அதுதான் இருக்கிறது. நான் கேட்டால்தானே? "சந்தேகம் வந்த பீஸை ஓரமா வெச்சு வேடிக்கை பாக்கற பழக்கம் எங்களுக்கில்லீங்க சார்" என்று வசனம் பேசினேன். நச்சரிப்புத் தாங்காமல் ஊசி குத்தினார்கள். பெதஸ்டா என்று ஒரு கணக்கு உண்டு, மொத்தம் ஆறு படி. எனக்கு வந்தது ஐந்தாவது. அந்தப் படியில் நிற்பவர்களை அறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குப் புற்றுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

கோயம்புத்தூரில் ஒரு தைராய்டு டாக்டரைப் பார்த்தோம். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டி மூச்சுக்குழாயை ஒட்டி இல்லை, குரல் நரம்பு போகிற பக்கமும் இல்லை, கழுத்தில் எங்கேயும் நெறி கட்டவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஆபரேஷன் எந்தத் தேதிங்க டாக்டர்?" என்றேன். கம்பெனியில் பத்து நாள் லீவு கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

"பண்ணிக்கலாம். பண்ணாமயும் இருக்கலாம்."

"பண்ணாம இருந்தா?"

"ரெண்டு வருஷத்துக்கு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன். அப்புறம் வருஷத்துக்கு ஒருக்கா. வளந்துச்சுன்னா அப்பப் பண்ணிக்கலாங்க."

இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வைத்தியமில்லை. ஜப்பானில் கோபே நகரத்தில் கூமா என்று தைராய்டுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே அகிரா மியாவுச்சி என்கிற அறுவை மருத்துவர் 1993-இல் ஒரு யோசனை சொன்னார். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிற சாதுவான தைராய்டு புற்றை உடனே அறுக்காமல் கண்காணித்துத்தான் பார்ப்போமே என்றார். கத்தி பிடிக்கிறவரே கத்தி வேண்டாம் என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? 1995-இல் டோக்கியோவில் புற்றுநோய்க்கான பெரிய மருத்துவமனை ஒன்றும் இதே வழியில் இறங்கியது. 2014-இல் கூமா வெளியிட்ட கணக்கில் 1,235 பேர். பத்து வருடத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு. நெறிக்குப் பரவியது 3.8 சதவீதம் பேருக்கு. அந்தப் புற்றால் செத்தவர் ஒருவருமில்லை. கட்டி வளர்ந்தவர்களுக்குத் தாமதமாக அறுவை செய்ததாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் வளரும் வாய்ப்பு அதிகம், அறுபதைத் தாண்டியவர்களுக்கு மிகக் குறைவு. ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, உங்களுக்கு நல்லதுதான் என்றார் டாக்டர். என் வயசுக்கு ஒருத்தர் பாராட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அங்கேயே தலையாட்டினேன். "நான் பயப்படற ஆள் இல்லீங்க டாக்டர்" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொன்னேன். அந்த தைரியம் என்னோடு பஸ் ஏறி, நீலாம்பூர் தாண்டி, கருமத்தம்பட்டி வரைக்கும் வந்தது. அங்கேயே இறங்கிக்கொண்டது.

அன்றைக்குக் கழுத்துக்குப் போன கை, கீழே இறங்க மறுத்துவிட்டது. மூன்று விரலை வைத்து, எச்சிலை விழுங்கி, உள்ளே ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது. குளியலறைக் கண்ணாடியில், புஷ்பா தியேட்டர் சிக்னலில் நிற்கும்போது ஸ்கூட்டர் கண்ணாடியில், கம்பெனியில் வாஷ்பேசினுக்கு மேலே. கம்பெனியில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. சாயம் போட்டு வந்த துணியின் நிறமும் பையர் அனுப்பிய சாம்பிளின் நிறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே பகல் வெளிச்சம் மாதிரி டி65 விளக்கு எரியும். ஒரு நாள் ஆளில்லாத நேரம் பார்த்து, அதற்குள் தலையை விட்டு, கைக்கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் டையிங் மாஸ்டர் கையில் துணித்துண்டோடு வந்து நின்றது தெரியவில்லை.

"என்னாச்சுங் மேடம்? ஷேடு மாறியிருக்குதுங்களா?"

அடுத்த தடவை கோயம்புத்தூர் போனபோது டாக்டரிடம் பெருமையாகவே சொன்னேன். "தினமும் தொட்டுப் பாக்கறனுங்க டாக்டர். முன்னைக்கு இப்பக் கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க."

"எங்க, தொட்டுக் காட்டுங்க."

காட்டினேன். அவர் தன் கழுத்திலும் அதே இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். "இங்கதான? எனக்கும் இருக்குது பாருங்க. குரல்வளைக்குக் கீழ இருக்கிற குருத்தெலும்பு வளையம். கெட்டியாத்தான் இருக்கும். உங்க கட்டி உள்ள இருக்குது. என்ற விரலுக்கே தட்டுப்படலீங்க."

மாதக்கணக்கில் நான் தூக்கம் கெட்டுக் காவல் காத்தது, ஆண்டவன் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிற எலும்பை.

கை தோற்றதும் காதும் தொண்டையும் வேலையை எடுத்துக்கொண்டன. குரல் கம்முகிறதா, விழுங்கச் சிரமமாக இருக்கிறதா, தொண்டையில் ஏதோ ஊர்கிறதா? திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? நிட்டிங் மெஷின் இருக்கிற இடமெல்லாம் பஞ்சு பறக்கிறது. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் வரிசையாக ஓடுகிற ஹாலில் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். இந்த ஊரில் தொண்டை அரிக்காதவன் யார், குரல் கம்மாதவள் யார்? இருந்தாலும் நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், அறிகுறி, ரிமார்க்ஸ் என்று நான்கு கட்டம். கொஞ்ச நாள் கழித்து என் மகள் அதை எடுத்துப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "குரல் கம்மல் எல்லாம் ஷிப்மெண்டுக்கு முந்தின நாள்தான் வருதும்மா. தொண்டை அரிப்பு எல்லாம் ஃபிளீஸ் துணி ஓடற வாரத்துல. விழுங்கச் சிரமம் நெட்டுல படிச்ச அன்னிக்கு ராத்திரி." கணக்குப் பிள்ளைக்குப் படிக்க வைத்தது என் தப்பு.

அந்த நாட்களில்தான் எல் சைஸ் சட்டையில் எம் லேபிள் வைத்துத் தைத்த ஒரு லாட் என் கண்ணெதிரில் பாஸாகிப் போனது. பீஸ் ஒரு கையில் இருந்தது, இன்னொரு கை கழுத்தில் இருந்தது. பேக்கிங்கில் கண்டுபிடித்தார்கள். மூட்டிய பெட்டியெல்லாம் பிரித்து, விடிய விடிய ஆள் வைத்து ரீசெக்கிங் செய்து, லேபிள் மாற்றி அனுப்பினோம். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எங்கள் தொழிலில் குறைக்குத் தரம் உண்டு. பத்தாயிரம் பீஸ் இருக்கிற லாட்டில் 200 எடுத்துப் பார்ப்போம். எவ்வளவு குறை வரை பொறுக்கலாம் என்கிற ஏ.க்யூ.எல். அளவு 2.5 என்றால் அதில் பத்து டிஃபெக்ட் வரை பாஸ், பதினொன்று வந்தால் ஃபெயில். குறையே இல்லாத லாட் என்று உலகத்தில் கிடையாது, பையருக்கும் அது தெரியும். ஆனால் ஊசி உடைந்தால் மட்டும் கதை வேறு. டைலர் கையை எடுத்துவிட வேண்டும். உடைந்த துண்டெல்லாம் தேடி எடுத்து, ஒட்டுப் பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த மேசையில் இருக்கிற துணி முழுக்க மெட்டல் டிடெக்டருக்குள் போகும். குழந்தை போடுகிற சட்டையில் ஊசிமுனை இருந்துவிடக் கூடாது. டாக்டர் எனக்குச் சொன்னது பத்துக்குள் ஒரு டிஃபெக்ட், குறித்து வைத்துக்கொண்டு லாட்டை ஓட்டு என்று. என் காதில் விழுந்தது ஊசி உடைந்துவிட்டது என்று. லைனை நிறுத்திவிட்டேன்.

லைனை நிறுத்தியவள் சும்மா இருப்பாளா? ஆறு மாதம் வரைக்கும் பொறுக்காமல், யாருக்கும் சொல்லாமல், வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். ஒன்பது மில்லிமீட்டர் என்று வந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு வேகவில்லை, டிவி ஓடவில்லை. பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறவர் என் வீட்டுக்காரர். ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏம்புள்ள, செஸ்ட் அளவு ஒரு சென்டி கூடக்குறைய இருந்தா நீங்க பாஸ்தான பண்ணுவீங்க?"

"அது துணிங்க. இழுத்தா நீளும்."

"இதென்ன, இரும்பா?"

டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. மெஷின் வேறு, பிடிக்கிற கை வேறு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரத்தான் செய்யும். அதனால்தான் கூமாவில் 3 மில்லிமீட்டர் கூடினால்தான் வளர்ந்ததாகக் கணக்கு. இனிமேல் ஒரே சென்டர், ஒரே டாக்டர், இடையில் எங்கேயும் போகக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். டாலரன்ஸ் என்றால் என்னவென்று நான் பாடம் எடுத்த பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

வெளியே யாருக்கும் விஷயம் தெரியாது. தைராய்டு இருக்கிறது என்று சொன்னால் போதும், நம் ஊரில் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். எல்லார் வீட்டிலும் ஒருத்திக்கு இருக்கிறது. கேட்க மாட்டார்களே தவிர, சொல்வார்கள். என் அத்தை முட்டைக்கோசையும் காலிபிளவரையும் வீட்டுக்குள் விடுவதை நிறுத்தினார். பக்கத்து வீட்டு அக்கா மந்தாரை இலைக் கசாயம் அனுப்பினார். உப்பை மாற்று என்றார் ஒருவர், மாற்றாதே என்றார் இன்னொருவர். சாயத்தண்ணிதான் காரணம் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை நொய்யல் எந்தெந்த நிறத்தில் ஓடியது என்று பார்த்தவர்களுக்கு, ஜலதோஷம் பிடித்தால்கூட அந்த ஞாபகம்தான் வரும். டாக்டர் கேட்ட கேள்விகளோ வேறு: சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தீர்களா? ரத்த சொந்தத்தில் யாருக்காவது தைராய்டு புற்று இருந்ததா? இரண்டுமில்லை. யார் மேலாவது பழி போட்டால் பாதி பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

சிவன்மலைக்கும் போனேன். காங்கயம் பக்கம் இருக்கிற அந்தக் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து சொல்கிற பொருளை, பூப்போட்டுக் கேட்டு, அதில் வைப்பார்கள். மண், தண்ணீர், மஞ்சள் என்று ஒவ்வொரு சமயம் ஒவ்வொன்று இருக்கும். நாட்டு நடப்பை அது முன்கூட்டிச் சொல்கிறது என்பது கொங்கு நாட்டு நம்பிக்கை. நாட்டுக்கே உத்தரவு சொல்கிற பெட்டி முன்னால் நின்றுகொண்டு, இது என் எட்டு மில்லிமீட்டரைப் பற்றி என்ன சொல்கிறது என்று யோசித்தேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

மறைத்து வைத்ததால் என்ன லாபம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அமெரிக்காவில் லூயிஸ் டேவிஸ் என்கிற மருத்துவர், இப்படி அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் சிலரிடம் பேசி 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புத்தி கெட்ட காரியம் என்று மற்றவர்கள் சொன்னதையும், அதனால் விஷயத்தையே வெளியில் சொல்லாமல் விட்டதையும், தனியாக நின்றதையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். படித்ததும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. புற்று என்று தெரிந்தும் அறுக்காமல் வைத்திருப்பவளை ஊர் என்ன சொல்லும்? காசுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று சொல்லும், கத்திக்குப் பயம் என்று சொல்லும். நான் தெருமுழுக்கத் தண்டோரா போட வேண்டியதில்லை, ஒரே ஒருத்தரிடம் முழுசாகச் சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்காரரிடம்கூட ரிப்போர்ட்டைக் காட்டினேனே தவிர பயத்தைக் காட்டவில்லை. அதைக் கோபமாக மாற்றித்தான் கொடுத்தேன்.

ஸ்கேன் வாரம் வந்தால் வீட்டில் யாரும் என் எதிரில் வர மாட்டார்கள். நகைக் கடன் ரசீது, சீட்டுப் பணம், கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி, மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டுவேன். குரலில் ஒரு கம்மலும் சேர்த்துக்கொள்வேன். போன தடவை அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, போன ஸ்கேனுக்கு முந்தியும் இதே டப்பாவைத்தான் காட்டுனீங்க. ரசீதுல வட்டி கட்டற தேதி போயிருச்சு, அதைப் பாருங்க மொதல்ல" என்றாள். ஸ்கேன் முடிந்து மாற்றமில்லை என்று ரிப்போர்ட் வந்தால் சந்தோஷப்பட வேண்டுமல்லவா? "ஏனுங் டாக்டர், சின்னதாகலீங்களா?" என்று கேட்டவள் நான்.

ஒரு கட்டத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள் என்று போய் நின்றேன். டாக்டர் மறுக்கவில்லை. அது உங்கள் உரிமை, நல்ல கையில் செய்தால் பயமில்லை என்றார். இரண்டு பக்கத்துக் கணக்கையும் மட்டும் முன்னால் வைத்தார். 2016-இல் கூமாவில் ஒப்பிட்டுப் பார்த்ததில், உடனே அறுவை செய்துகொண்டவர்களில் 4.1 சதவீதம் பேருக்குத் தற்காலிகமாகக் குரல்நாண் செயலிழந்திருக்கிறது. கண்காணிப்பை முதலில் தேர்ந்தெடுத்தவர்களில் அது 0.6 சதவீதம். நோய் விஷயத்தில் இரு தரப்பும் நன்றாகவே இருந்தார்கள். குரல் போனால் செக்கிங் செக்ஷனில் என்னைச் சீந்த ஆளிருக்காது. "ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவருக்குத் தைராய்டு முழுசாக எடுத்தாகிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரம் கழித்துத்தான் டீ. ஆரம்பத்தில் கால்சியம் குறைந்து விரலெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததாம். இப்போது நன்றாக இருக்கிறார். கவலை போயிருச்சுங்களா அக்கா என்றேன். "எங்க போறது? வருஷா வருஷம் ரத்தம் குடுத்துட்டு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது கண்ணு" என்றார். எடுத்துவிட்டால் பயமும் கூடவே போய்விடும் என்பதும் நான் எனக்கே போட்டுக்கொண்ட இன்னொரு ஆஃபர்தான். வேண்டாம் என்று விட்டேன். இளவயதுக்காரியாக இருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வர வசதியில்லாமல் இருந்து, அல்லது கட்டி நரம்போரம் இருந்து, அறுத்துக்கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் லாட் வேறு.

டாக்டர் பிரிஸ்கிரிப்ஷனுக்குப் பின்னால் நாலே வரி எழுதிக் கொடுத்தார். மூன்று மில்லிமீட்டர் கூடினால் அறுவை. நெறி தெரிந்தால் அறுவை. மூச்சுக்குழாய்ப் பக்கமோ நரம்புப் பக்கமோ நகர்ந்தால் அறுவை. நாலாவது வரி, இவை எதுவுமே இல்லாமல் நீங்களாக வேண்டாம் என்று நினைத்தாலும் அறுவை. அந்த நாலாவது வரிதான் எனக்கு மருந்தானது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்றால் உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பாஸ் எது, ஃபெயில் எது என்று முன்கூட்டியே எழுதி வைக்காமல் எந்தக் கியூசியும் மேசையில் உட்கார மாட்டாள். நான் மட்டும் எழுதாமலே உட்கார்ந்து, தினமும் ஒரு அளவுகோலில் என்னை ஃபெயிலாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டேவிஸும் கூமா டாக்டர்களும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வும் இருக்கிறது. அங்கே கண்காணிப்பில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அவ்வப்போதாவது புற்றுக் கவலை வரத்தான் செய்கிறது. முதலில் கேள்விப்பட்டபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது என்று அவர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடப் பழக்கமுள்ள ஜப்பான்காரர்களுக்கே கவலை இருக்கிறதென்றால், ஆஃபரில் ஸ்கேன் எடுத்த எனக்கு இருக்கக்கூடாதா? கவலையே இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத்தான் நான் அதிகம் கெட்டேன். இப்போது ஸ்கேன் வாரத்துக்குக் கவலையை ஒதுக்கிவிட்டேன். அந்த வாரம் நான் சிடுசிடுப்பேன், டப்பா காட்டுவேன், யாரும் கேட்கக்கூடாது. மற்ற நாட்களில் கை மேலே போனால், அந்தக் கையில் ஒரு பீஸை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் வேலை செய்கிறது.

செக்கிங்கில் என் பக்கத்தில் உட்காருகிற தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவள் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள் என்று போன வாரம் வந்து அழுதாள். பிசிர் வெட்டுகிற கத்தரியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு முதல் தடவையாக என் கதை முழுவதையும் ஒருத்தரிடம் சொன்னேன். கட்டியில் பெரும்பாலானவை புற்றே இல்லை, அளவு கேள், எங்கே இருக்கிறது என்று கேள், நெறி இருக்கிறதா கேள், ஒரே இடத்தில் ஸ்கேன் எடு. எந்த அளவு வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்கு. பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால், பார்ப்பது அவர்கள் வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இருபது நிமிடம். மீதி நாளெல்லாம் உன் அம்மாவுக்குச் சொந்தம் என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப நீங்க நோட்டுப் போட்டு, லைட் பாக்ஸ்ல பாத்து, இத்தனை நாளாப் பண்ணுனதெல்லாம்?"

"ஓவர்டைம் கண்ணு. டாக்டர் வேலையை நான் பாத்தேன்."

லேபிள் மாற்றிய ராத்திரி விடிய விடிய நின்றவர்களில் அவளும் ஒருத்தி. கத்தரியை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஓவர்டைமுக்காவது சம்பளம் வந்துச்சுக்கா."